லைகாமிங் விமான எஞ்சினில் ஒரு மேக்னீட்டோவை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன்: மாட்டியவர்கள் எழுதுங்கள்

கேள்வி

வீட்டில் கட்டிய ஆர்வி-6 குட்டி விமானம். எஞ்சின் லைகாமிங் ஓ-320, 160 குதிரைத்திறன், கம்ப்ரெஷன் 8.5:1, டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் பொறி விழும் கோணம்) 25 டிகிரி. பொறி உண்டாக்கும் இரண்டு ஸ்லிக் கம்பெனி மேக்னீட்டோவுக்கும் 500 மணி நேரச் சோதனை வந்துவிட்டது. ஒன்றைப் பிரித்துச் சரிசெய்து வைத்துக்கொண்டு, மற்றதன் இடத்தில் எலக்ட்ரானிக் யூனிட் போடும் யோசனை. எந்தப் பக்கம் மாற்றலாம்? விளம்பரத்தில் இருப்பதை விட்டுவிட்டு, வேலையில் இறங்கியதும் எது இடிக்கும் என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1

வலது பக்கம். பெரும்பாலான லைகாமிங்கில் இம்பல்ஸ் கப்ளிங் இருப்பது இடது மேக்னீட்டோவில். ஸ்டார்ட் செய்யும்போது ஸ்பிரிங்கை முறுக்கி விட்டு, தீப்பொறியை டாப் டெட் சென்டர் (பிஸ்டன் உச்சிப் புள்ளி) வரை தாமதப்படுத்துவது அதுதான். இடதை வைத்துக்கொண்டால் பேட்டரி படுத்துவிட்டாலும் ப்ரொபெல்லரைக் கையால் சுற்றி எஞ்சினை எழுப்பலாம். இடதை எடுத்துவிட்டால் ஸ்டார்ட்டிங் முழுக்க எலக்ட்ரானிக் யூனிட்டை நம்பித்தான். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் சரிந்து யூனிட் தூங்கிப்போனால், ப்ரொபெல்லர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

அடுத்து சாவி சுவிட்ச். அதன் பின்னால் ஜிஆர்டி, ஆர் என்ற இரண்டு டெர்மினலையும் இணைத்து ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கும். சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது இம்பல்ஸ் இல்லாத வலது மேக்னீட்டோவை எர்த் செய்து அடக்கிவைப்பது அதன் வேலை. வலதில் எலக்ட்ரானிக் போட்டால் பட்டையைக் கழற்ற வேண்டும். மறந்தால் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் புதிய யூனிட்டும் அடங்கிக் கிடக்கும். "இவ்வளவு பணம் போட்டும் ஸ்டார்ட்டிங் பழையபடிதான்" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டையைத்தான்.

இதற்கு நேர்மாறான தவறு ஆபத்தானது. வலதில் இம்பல்ஸ் இல்லாத மேக்னீட்டோவையே விட்டுவிட்டு, இடதை மாற்றி, பட்டையையும் கழற்றினால், சுற்றும்போதே 25 டிகிரி முன்னால் பொறி விழும். எஞ்சின் பின்பக்கம் உதைக்கும். இலகு ரக ஸ்டார்ட்டரின் மூக்கு உடைவதும் ரிங் கியர் பல் போவதும் இப்படித்தான்.

மறுமொழி 2

மாட்டும் வேலையைப் பற்றி.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மேல் பிளக் நான்கையும் எடுத்து, ஒன்றாவது சிலிண்டர் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து ப்ரொபெல்லரைச் சுழலும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக். அப்படியே போய், ரிங் கியர் முகப்பில் உள்ள டிசி (டாப் டெட் சென்டர்) குறி ஸ்டார்ட்டர் ஹவுஸிங்கில் இருக்கும் சின்னத் துளைக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அங்கிருந்தே பின்னுக்குத் தட்டாதீர்கள். கால் சுற்றாவது பின்னால் போய்த் திரும்ப வாருங்கள், இல்லாவிட்டால் கியர்களுக்கு இடையே உள்ள தளர்வு டைமிங்கில் சேர்ந்துவிடும்.

மேக்னீட்டோவை 25 டிகிரி குறியில் வைத்து மாட்டிப் பழகிய கை இங்கேதான் தப்பு செய்யும். மேக்னீட்டோ இடத்திலேயே உட்காரும் பி-மேக், ஷ்யூர்ஃப்ளை போன்ற யூனிட்டுகளுக்கு டாப் டெட் சென்டர்தான் பூஜ்யம். அட்வான்ஸை (பொறி எத்தனை டிகிரி முன்னால் என்பதை) உள்ளே உள்ள கணக்கு தானாகச் சேர்த்துக்கொள்ளும். 25 குறியில் வைத்து "இதுதான் பூஜ்யம்" என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால், ஓடும்போது மொத்தம் 50 டிகிரி ஆகிவிடும். பி-மேக்கில் பூஜ்யம் வைப்பது கொஞ்சம் வேடிக்கை: செட்டப் நிலையில் மேனிஃபோல்ட் (எஞ்சின் காற்று உறிஞ்சும் குழாய்) அழுத்த ஹோஸில் வாயை வைத்து ஊத வேண்டும், விளக்கு நிறம் மாறும்.

பழையதை இழுக்கும்போது கவனம். இம்பல்ஸ் உள்ள மேக்னீட்டோவில் கியர் தனியாக, இரண்டு ரப்பர் துண்டுகளோடு நிற்கும். ரப்பர் காய்ந்திருந்தால் யூனிட் கையோடு வர, ரப்பரோ கியரோ ஆக்ஸெஸரி கேஸுக்குள் (எஞ்சினின் பின்பக்கப் பெட்டிக்குள்) விழும். விழுந்தால் ஆயில் சம்ப்பில் தேட வேண்டியதுதான். வெளியே இழுத்ததும் எஞ்சினில் இருக்கும் ரப்பர் எத்தனை, கையில் வந்தது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இம்பல்ஸ் மேக்னீட்டோவுக்கும் கேஸுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் வளையம் இருக்கும். அதை எடுத்தால் ஸ்டட் (பிடிக்கும் திருகுக்கம்பி) நீளமாகிவிடும். குட்டை ஸ்டட் போடுவதுதான் முறை, வாஷரை அடுக்கிச் சமாளிப்பது அரைகுறை வேலை. கியரைப் புதிய ஷாஃப்ட்டுக்கு மாற்றும்போது புதுக் காட்டர் பின் (நட் கழலாமல் பிடிக்கும் வளைகம்பி). பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். கேஸ்கெட்டும் புதிது. கிளாம்ப் நட் இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கி 17 அடி-பவுண்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மறுமொழி 3

மேலே உள்ளவர் எழுதியதோடு குளிர்காற்றுக் குழாயையும் சேர்க்க வேண்டும். மேக்னீட்டோ சூட்டைத் தாங்கிவிடும், சர்க்யூட் போர்டு தாங்காது. பின் பேஃபிளில் (காற்றை எஞ்சின் மேல் திருப்பும் தகட்டில்) ஓட்டை போட்டு ஒரு குழாயை யூனிட்டின் உடம்புக்கு நேராக விடுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் கவ்லிங்குக்குள் (எஞ்சின் மூடிக்குள்) சூடு உச்சத்துக்கு ஏறும், அதனால் ஆயில் மூடிக் கதவைத் திறந்து வைப்பதும் நல்லது.

இனி மின்சாரம். என் கணக்கில் இதுதான் முழு வேலையின் நடுநாயகம், மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். மேக்னீட்டோ தனக்கு வேண்டிய கரண்டைத் தானே செய்துகொள்ளும். எர்த் செய்தால்தான் அடங்கும், வயர் அறுந்தாலும் ஓடும். எலக்ட்ரானிக் யூனிட்டில் பல ரகத்துக்கு வெளியிலிருந்து 12 வோல்ட் வேண்டும். வயர் அறுந்தால் அதோடு சரி. ஆகவே ஃபீட் வயர் மாஸ்டர் சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேரடியாக, பேட்டரியை ஒட்டியே ஒரு ஃப்யூஸ் வைத்து எடுங்கள். காக்பிட்டில் புகை வந்து மாஸ்டரை அணைக்கும்போது எஞ்சினும் நின்றால் என்ன பிரயோஜனம்? எர்த் வயரைப் பெயின்ட் மேல் போல்ட் போட்டு முடிக்காதீர்கள். உலோகம் தெரியச் சுரண்டி, கிரிம்ப் செய்த ரிங் டெர்மினலாக இருக்கட்டும்.

பி-மேக்குக்குள் சொந்த ஜெனரேட்டர் உண்டு, குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் வெளி மின்சாரம் வேண்டாம். ஆனால் அது வேலை செய்கிறதா என்று யாரும் கேட்காவிட்டால் அது சொல்லாது. ரன்-அப்பில் (பறக்கும் முன் செய்யும் எஞ்சின் சோதனையில்) மேக்னீட்டோவை அணைத்து, யூனிட்டின் வெளி மின்சாரத்தையும் நிறுத்திப் பாருங்கள். எஞ்சின் சீராக ஓட வேண்டும். இதற்காகவே தனி சுவிட்ச் வைத்துக் கட்டுங்கள், பிறகு கட்டுவது எரிச்சல்.

இரண்டு பக்கமும் வெளி மின்சார ரகம் என்றால் இரண்டாவது பேட்டரி இல்லாமல் பறக்கக் கூடாது. அமெரிக்க விதி 33.37 இரண்டு தனி சர்க்யூட், இரண்டு தனி மின் மூலம், அல்லது அதற்குச் சமமான நம்பகம் என்று கேட்கிறது. சான்று பெற்ற எஞ்சினுக்கான விதிதான், ஆனால் ஹோம்பில்ட்டுக்கும் பொருந்தாத காரணம் அதில் எதுவும் இல்லை.

மறுமொழி 4

சிலிண்டர் ஹெட் சூடு பற்றி யாரும் எழுதவில்லையே.

மேக்னீட்டோ எப்போதும் 25 டிகிரிதான். எலக்ட்ரானிக் யூனிட் மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்த்து, லோடு குறையும்போது பொறியை முன்னால் தள்ளும். யூனிட்டைப் பொறுத்து 35 முதல் 39 டிகிரி வரை போகும். உயரத்தில் மெல்லிய கலவை மெதுவாக எரிவதால் இந்த முன்னேற்றம் எரிபொருளை மிச்சப்படுத்தும். விலை என்னவென்றால் அதிக சூடு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் போகும், எக்ஸாஸ்டுக்குக் குறையும். அதனால் இஜிடி (எக்ஸாஸ்ட் வெப்பம்) இறங்கி சிஎச்டி (சிலிண்டர் ஹெட் வெப்பம்) ஏறும். லைகாமிங் சிவப்புக் கோடு 500 ஃபாரன்ஹீட், ஆனால் நீண்ட ஆயுளுக்கு க்ரூஸில் 400-க்குள் வைப்பது நல்லது. மாற்றும் முன்பே உங்கள் சிஎச்டி 400-ஐ உரசிக்கொண்டிருந்தால் முதலில் பேஃபிள் சீல்களைச் சரிசெய்யுங்கள். பி-மேக்கில் 2, 3 டெர்மினலுக்கு இடையே ஜம்பர் போட்டால் அடக்கமான அட்வான்ஸ் வளைவு கிடைக்கும். அதில் தொடங்குங்கள். 9-க்கு மேல் கம்ப்ரெஷன், அல்லது கார் பெட்ரோல் என்றால் நிலையான டைமிங்கே போதும்.

அழுத்த ஹோஸ் கழன்றுவிட்டால் யூனிட் வெளிக் காற்றைப் படிக்கும். அது மேனிஃபோல்ட் அழுத்தத்தைவிடக் குறையாது, ஆகவே பொறி கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது ஹோஸ் நசுங்குவதற்கும் அடைபடுவதற்கும். ஐடிலில் இருந்த வெற்றிடம் உள்ளே சிக்கிக்கொண்டால், முழு த்ராட்டிலிலும் "லோடு இல்லை" என்று நினைத்து முழு அட்வான்ஸைக் கொடுக்கும். டேக்-ஆஃபில் டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் சட்டென வெடிப்பது) வர இது போதும். ஹோஸ் எங்கும் தொங்காமல், தேங்கும் ஈரம் எஞ்சின் பக்கம் வடியும்படி சரிவாகப் போகட்டும்.

மறுமொழி 5

பிளக். 18 மில்லிமீட்டர் ஓட்டைக்கு அடாப்டர் போட்டு 14 மில்லிமீட்டர் கார் பிளக். பி-மேக்குக்கு பலர் போடுவது என்ஜிகே பிஆர்8இஎஸ். கேப் (பொறி தாவும் இடைவெளி) 0.030 முதல் 0.035 அங்குலம். விமான பிளக்குக்கு இதில் பாதிதான், ஆகவே பழைய அளவுக்கு அடித்துச் சுருக்காதீர்கள், பெரிய கேப்பின் லாபமே போய்விடும். கழற்றும்போது அடாப்டரை இன்னொரு ஸ்பேனரால் பிடியுங்கள், இல்லையேல் பிளக்கோடு அடாப்டரும் சுழன்று வந்துவிடும்.

காயில் பேக் ரகத்தில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குச் சேர்த்துப் பொறி கொடுக்கும். ஃபயரிங் ஆர்டர் 1-3-2-4 என்பதால் ஜோடி 1-2, 3-4. ஜோடிக்குள் வயரை மாற்றிப் போட்டால் எதுவும் தெரியாது. ஜோடி கலைந்தால் கார்ப்பரேட்டர் வழியாக வெடிக்கும். ஒன்றும் இரண்டும் சேர்ந்து படுத்தால் பிளக்கைச் சந்தேகிக்கும் முன் அந்த ஜோடியின் வயர் உள்ளே அறுந்திருக்கிறதா என்று ஓம்மீட்டரில் பாருங்கள்.

மறுமொழி 6

வயரை மேல் பிளக்குகளுக்கே இழுங்கள். கீழே பொறி பலமாக இருந்தால் ஆயில் படிவது குறையும் என்பது உண்மைதான், ஆனால் சிலிக்கான் வயர் எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் வெந்துபோகும்.

இன்னும் இரண்டு. மேக்னீட்டோவின் காற்றுத் துளையில் சென்ஸார் போட்ட டாக்கோமீட்டருக்குப் புதிய யூனிட்டில் இடமே இருக்காது. யூனிட்டின் டாக் அவுட்புட்டை எடுத்து, ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்பதை மானிட்டரில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆர்பிஎம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ காட்டும். ரன்-அப்பில் சமமான ட்ராப்பை (ஒரு பக்கத்தை அணைத்ததும் ஆர்பிஎம் இறங்குவதை) எதிர்பார்க்காதீர்கள். எலக்ட்ரானிக் மட்டும் ஓடும்போது ஊசி லேசாகத்தான் அசையும், மேக்னீட்டோ மட்டும் ஓடும்போது நன்றாக இறங்கும். அந்த இரண்டு எண்ணையும் முதல் நாளே லாக் புக்கில் குறித்துவிடுங்கள், பிறகு எது மாறினாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். பத்து மணி நேரம் பறந்ததும் கிளாம்ப் நட் டார்க்கை மறுபடி பாருங்கள். புதுக் கேஸ்கெட் அமுங்கிக் கொடுத்திருக்கும்.