இயக்குநர் நடித்துக் காட்டலாமா?

நண்பர்களே, எங்கள் அலுவலகக் குழுவுக்காக முதல்முறையாக ஒரு நாடகத்தை இயக்குகிறேன். வாசிப்பு முடிந்தது. யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதும் ஓரளவு முடிவாகிவிட்டது. சிக்கல் ஒன்றுதான். அப்பாவாக நடிப்பவர் ஒவ்வொரு வசனத்துக்கும் "நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்" என்கிறார். காட்டினால் என் குரல், என் கையசைவு எல்லாம் அப்படியே வருகிறது. மகளிடம் கூச்சத்தோடு கடன் கேட்கும் அந்த அப்பாதான் நடிப்பில் வரவில்லை.

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே 1898-இல் எழுத்தாளர் செகாவின் நாடகத்துக்கு நடிகர்களின் அசைவுகளை முன்கூட்டியே எழுதி வைத்தவர்தான். பிற்காலத்தில் நடிகர்களையே செய்துபார்க்க விட்டார். சரி, வேலை முடிந்து களைத்து வருபவர்களிடம் அதை எப்படிச் செய்வது?

மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: நடித்துக் காட்டாமல் நடிகரிடம் என்ன கேட்பீர்கள்? என்ன பயிற்சி கொடுப்பீர்கள்?