டெக்சாஸில் வீடு எடுக்கும் முன்: தண்ணி எங்க நிக்கும்னு பாருங்க

கேள்வி: அடுத்த மாசம் ஹூஸ்டன் வர்றோம். ஆபீஸ் ஊருக்கு மேற்கே, எனர்ஜி காரிடார்ங்கிற ஏரியா பக்கம். டாலஸ் நண்பர் "வீடு எடுக்க ஸ்கூலை மட்டும் பாரு" என்கிறார். அது போதுமா அண்ணா?

பதில்: போதாது தம்பி. டாலஸ் வேற, ஹூஸ்டன் வேற. 254 கவுன்ட்டி உள்ள மாநிலம் இது. மேற்குக் கோடி எல் பாஸோவில் வருஷத்துக்கு 9 அங்குல மழைதான். கடிகாரமே அங்க ஒரு மணி நேரம் பின்னாடி ஓடும். கிழக்கே லூசியானா எல்லையை நெருங்கினா மழை 50 அங்குலத்தைத் தாண்டிடும்.

மெக்சிகோவிலிருந்து டெக்சாஸ் பிரிஞ்ச அதே 1836-ல், பஃபலோ பேயூ கரையில உருவான ஊர் ஹூஸ்டன். பேயூன்னா மெதுவா ஓடுற ஓடை. கடல் மட்டத்துக்கு மேல சுமார் 50 அடிதான், தரை தட்டை, களிமண் தண்ணியைக் குடிக்காது. 1929, 1935 வெள்ளத்துல டவுன்டவுன் மூழ்கினதும், நகரைக் காக்க மேற்கே அடிக்ஸ், பார்க்கர்னு ரெண்டு அணை கட்டினாங்க. சாதாரண நாள்ல ரெண்டும் காய்ஞ்சு கிடக்கும், உள்ளே பூங்காதான். பின்னாடி வந்த குடியிருப்புகள் அந்த நீர்ப்பிடிப்புக்குள்ளேயே ஏறிடுச்சு. 2017 ஹார்வி புயல்ல அணைக்கு மேல்பக்க வீடுகள்ல தண்ணி நின்னுச்சு. மதகைத் திறந்ததும் கீழ்ப்பக்க வீடுகளும் மூழ்கின. உங்க ஆபீஸ் அந்த அணைகளை ஒட்டித்தான் இருக்கு.

அதனால முகவரியை ஃபீமா (அமெரிக்க அரசோட பேரிடர் அமைப்பு) வெள்ள வரைபடத்துல போட்டுப் பாருங்க. 'ஏஇ'ன்னு வந்தா வெள்ள அபாயப் பகுதி, வருஷத்துக்கு குறைஞ்சது 1% வெள்ள வாய்ப்பு. சின்னதாத் தெரியும், 30 வருஷ வீட்டுக் கடனுக்குள்ள அது 26% ஆகும். அபாயம் குறைவான 'எக்ஸ்'னு வந்தாலும் நிம்மதி வேண்டாம், ஹார்வியில மூழ்கின வீடுகள்ல பெரும்பகுதி 'ஏஇ'க்கு வெளியில இருந்ததுதான். அணையோட நீர்ப்பிடிப்புக்குள்ள வருதான்னு தனியாக் கேளுங்க.

வாடகை வீடுன்னா, 2022 ஜனவரியிலிருந்து சட்டம் இருக்கு: வெள்ளப் பகுதியா, கடந்த 5 வருஷத்துல தண்ணி புகுந்துச்சா என்கிறதை உரிமையாளர் எழுத்துல சொல்லணும். அந்தத் தாளை வாங்காம கையெழுத்து போடாதீங்க.

வாடகைதாரர் இன்சூரன்ஸ் பொதுவா வெள்ளத்துக்குப் பணம் தராது. சாமான்களுக்கு மட்டும் தனி வெள்ள பாலிசி எடுக்கலாம். அரசுத் திட்டத்துல 1 லட்சம் டாலர் வரைக்கும். ஆனா நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். மெக்சிகோ வளைகுடாவுல புயல் சின்னம் வந்த பிறகு எடுத்துப் புண்ணியமில்லை. ஜூன் 1-ல புயல் சீசன் தொடங்குது, ஏப்ரல்லயே எடுத்துடுங்க. காருக்கும் வெள்ளச் சேதத்தையும் ஏத்துக்கிற காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் வேணும். அடுத்தவங்களுக்கு நாம பண்ற சேதத்துக்கான லயபிலிட்டி மட்டும் இருந்தா முங்கின காருக்கு ஒரு பைசா வராது.

இன்னொரு பதில்: டாலஸ் நண்பருக்கும் ஒரு வார்த்தை. அங்க கவலை ஆலங்கட்டியும் கரிசல் களிமண்ணும். கோடையில மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும், மழையில உப்பும். சொந்த வீடுன்னா சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி கசிவுக் குழாய் (உடம்பெல்லாம் தண்ணி கசியுற ரப்பர் குழாய்) போட்டு ஈரத்தை ஒரே சீரா வைக்கணும். வாங்கும் முன்னாடி எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பாருங்க. நிலையில உரசினாலோ, ஜன்னல் மூலையில சாய்வா விரிசல் ஓடினாலோ, அஸ்திவாரத்தை இன்ஜினியர் பார்த்த பிறகு விலை பேசுங்க.