புரட்டாசி சனிக்கிழமையும் மரினா பே ரேஸும்

சிங்கப்பூர் மரினா பே எஃப்1 கார் பந்தயத்தை கிராண்ட்ஸ்டாண்டில், அதாவது இருக்கை போட்ட பார்வையாளர் மேடையில், உட்கார்ந்து பார்த்தவர்கள் நிறைய பேர் தங்கள் அனுபவத்தைச் சொல்லிவிட்டீர்கள். நின்றும் நடந்தும் பார்க்கிற டிக்கெட்டில் போனவன் நான். 2024 செப்டம்பர் ரேஸ். கூட வந்தவன் கோயம்புத்தூரிலிருந்து இதற்காகவே விமானம் ஏறி வந்த கல்லூரி நண்பன்.

இங்கேயே குடியிருக்கும் எனக்கு அதுவரை எஃப்1 என்றால் பஸ் வழி மாறும் வாரம், அவ்வளவுதான். சிட்டி ஹால் பக்கம் சிமெண்ட் தடுப்புகளும் கம்பிவேலியும் முளைக்கும்போதே எரிச்சல் வந்துவிடும். அவன் கதை வேறு. சின்ன வயதில் அப்பாவோடு ஸ்கூட்டரில் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போய் வளர்ந்தவன். இந்தியாவின் முதல் எஃப்1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் என்றால் ஏதோ சித்தப்பா மகன் மாதிரி பேசுவான். 2005இல் ஜோர்டான் அணியில் ஓட்டிய நரேன், அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காவதாக வந்ததை அவன் சொல்லாத நாள் கிடையாது. டயர் பிரச்சினையில் மற்ற அணிகள் விலகிக்கொண்டதால் அன்றைக்கு ஆறே கார்கள்தான் ஓடின என்று நான் எடுத்துச் சொன்னால், "ஆறு ஓடுனா என்னடா, பாயிண்ட் பாயிண்ட்தானே" என்பான்.

அந்தச் சனிக்கிழமை புரட்டாசி முதல் சனி. அவன் வீட்டில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. காலையில் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோவிலில் நீண்ட வரிசையில் நின்று கும்பிட்டு, அங்கேயே அன்னதானம் சாப்பிட்டுவிட்டு, நெற்றி நாமத்தோடு ரேஸுக்குக் கிளம்பினான். மாலை வெக்கையில் நாமம் பாதி வழிந்து மூக்குக்கு வந்துவிட்டது. உள்ளே அவன் சாப்பிடக்கூடியதாக என் கண்ணில் பட்டது உருளைக்கிழங்கு வறுவல் மட்டும்தான். அதன் விலையை அறுபத்துச் சொச்சத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு நாலு பேர் அன்னபூர்ணாவுல சாப்பிடலாம்டா" என்றான். சைவக்காரர்கள் லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவதே புத்திசாலித்தனம்.

ஞாயிறு ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று தீர்மானிக்கும் தகுதிச்சுற்று இரவு 9 மணிக்கு. ஆண்டர்சன் பாலத்துக்குப் பக்கத்தில் வேலியோரம் இடம் பிடித்தோம். 1910இல் கட்டிய பாலம். சாதாரண நாளில் கவனிக்காமல் கடந்துபோகிற அந்த இரும்பு வளைவுகளுக்குள் கார்கள் நுழைந்து, ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் முன்னால் கொண்டை ஊசி வளைவில் திரும்புகின்றன. முதல் கார் வந்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏதோ நிறம், ஒரு காற்று, அவ்வளவுதான். விளக்கு வெளிச்சம் பகலைவிட மோசமாகக் கூசுகிறது. "வர்ற பக்கம் பார்க்காத, போற பக்கம் பாரு" என்று அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். அப்போதுதான் பின்சக்கரம் சுவருக்கு எவ்வளவு ஒட்டிப் போகிறது என்று தெரிந்தது. கைவிரல்தான் நுழையும் போல!

கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ கண்ணை மூடிட்டுக் கேளு" என்றான். சத்தம் அடங்கி, படபடவென்று கியர் இறங்கி, மறுபடி சீறும். அந்தச் சீறல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் விஷயமாம். சில கார்கள் வளைவு முடியும் முன்பே சீறின. சில தயங்கித் தயங்கிச் சீறின. தயங்கிய கார்களின் நேரத்தைத் திரையில் பார்த்தால் பெரும்பாலும் பின்தங்கியே இருந்தன. இது டிவியில் கிடைக்காது. வீட்டில் வர்ணனையாளர் பேசிக்கொண்டே இருப்பாரே! 2014க்கு முந்தைய எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் சத்தத்தைக் கேட்டிருந்தால் இதெல்லாம் தையல் மிஷின் என்று அவன் அலுத்துக்கொண்டான். எனக்கு இதுவே நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது.

கடைசிக் கட்டத்தில் கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி கடைசித் திருப்பத்தில் சுவரில் மோத, சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தினார்கள். டயர் சூடேறவில்லை, அதனால்தான் என்று ரீப்ளே வருவதற்குள்ளேயே அவன் சொல்லிவிட்டான். மிச்சமிருந்த சில நிமிடங்களில் எல்லாருக்கும் ஒரே ஒரு வாய்ப்பு. லாண்டோ நோரிஸ் முதலிடம்.

ஞாயிறு பற்றிச் சொல்ல அதிகமில்லை. 62 சுற்றுகள், நோரிஸ் முதலில் கிளம்பி முதலில் வந்தார். நடுவில் இரண்டு முறை சுவரை உரசியும், இரண்டாவதாக வந்த வெர்ஸ்டாப்பனைவிட 20 விநாடிக்கு மேல் முன்னால் இருந்தார். 2008இல் தொடங்கிய இந்தப் போட்டியில், விபத்து நடந்தால் மற்ற கார்களை மெதுவாக்க முன்னால் வரும் பாதுகாப்பு கார் ஒரு தடவைகூட வெளியே வராத முதல் வருடம் அதுதான். வேலியோரம் நிற்பவர்களுக்கு யார் எந்த இடத்தில் என்று பாதி நேரம் புரியாது. சனிக்கிழமைதான் காசுக்குத் தகுந்த நாள் என்று நான் இன்றும் சொல்வேன். கடைசியில் டேனியல் ரிக்கார்டோ புது டயர் மாட்டி, அதிவேகச் சுற்றை நோரிஸிடமிருந்து பறித்தார். எதற்கு என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். அதுவே அவருடைய கடைசி ரேஸ் என்பது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முடிந்ததும் ஓடுபாதையில் நடக்க விட்டார்கள். அங்கேதான் அந்த அண்ணனைப் பார்த்தோம். பிரதிபலிப்புச் சட்டை, கையில் ஹெல்மெட், வேலை தொடங்கக் காத்திருந்தார். அறந்தாங்கிப் பக்கம் ஊராம். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, "யார் தம்பி ஜெயிச்சா?" என்றார். பல வாரமாகத் தடுப்புகளை இறக்கி வேலி மாட்டியவர். ஆனால் ஒரு கார் ஓடுவதைக்கூட நேரில் பார்த்ததில்லை, தங்குவிடுதியில் செல்போனில்தான்.

அப்புறம் என் நண்பனைப் பிடிக்க முடியவில்லை. பாதாளச் சாக்கடை மூடிகளை என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்தான். 2023இல் லாஸ் வேகாஸில் தடத்திலிருந்த தண்ணீர் வால்வு மூடி ஒன்று பெயர்ந்து இதே சைன்ஸின் காரைக் கிழித்ததை விலாவாரியாகச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, "இங்க அசையாது தம்பி. நாங்க மூடினா நாங்கதான் திறக்கணும்" என்றார். செவ்வாய் விடிவதற்குள் ரோட்டைத் திறந்துவிட வேண்டும், அதனால் ராத்திரியே பிரிக்கத் தொடங்குவோம் என்றார். மேற்பார்வையாளர் கூப்பிட்டதும் போய்விட்டார். நரேனைவிட இந்த அண்ணனோடுதான் படம் எடுத்திருக்க வேண்டும் என்று என் நண்பன் ரயில் வரை புலம்பினான். நரேனோடு எடுத்த படம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

போகிறவர்களுக்கு: காதடைப்பான் எடுத்துப் போங்கள், நல்ல ஷூ போடுங்கள். முடிந்ததும் சிட்டி ஹால் நிலையத்துக்குப் பாயாதீர்கள். ரயில் நேரத்தை நீட்டித்திருந்தார்கள், கூட்டம் குறைந்தபின் நிதானமாகவே ஏறினோம். அடுத்த முறை அவன் அப்பாவையும் கூட்டி வருகிறானாம். எழுபது வயதுக்காரரை நிற்க வைக்க முடியாது. முதல் திருப்பத்து கிராண்ட்ஸ்டாண்டில் உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே படி ஏறுவது சிரமமா, கழிவறை பக்கத்தில் இருக்கிறதா என்று சொல்லுங்கள்.