மறு: ஸ்டெப்பர் மோட்டாரில் ‘லாஸ்ட் ஸ்டெப்ஸ்’ – எந்தச் சொல்லை வைக்கலாம்?

வணக்கம். ஸ்டெப்பர் மோட்டார் ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு சிறு ‘படி’ மட்டும் சுழலும். அனுப்பிய துடிப்புக்கும் நகர்ந்த படிக்கும் கணக்கு ஒத்துவராமல் போவதைத்தான் ‘லாஸ்ட் ஸ்டெப்ஸ்’ என்கிறோம். நம் சொற்பட்டியலில் இதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்று நீங்கள் எழுதியவற்றை எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிறேன்.

> ‘படி இழப்பு’ போதாதா? யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இழப்பு என்றால் குறைவது. படி எப்போதும் குறைவதில்லையே! ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) ஒயரையும் சிக்னல் ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்தால், ஸ்பிண்டில் ஒயரின் மின் இரைச்சலை டிரைவர் (துடிப்பை வாங்கி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கருவி) துடிப்பு என்று எடுத்துக்கொண்டு மோட்டாரைக் கூடுதலாக நகர்த்திவிடும். வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது ரோட்டர் நிற்காமல் முன்னால் ஓடிவிடுவதும் உண்டு. ‘படி இழப்பு’ என்று படித்துவிட்டுப் பழுதுபார்க்க உட்காருகிறவர், முறுக்குவிசை போதவில்லை என்று நினைத்து முதல் வேலையாகக் கரண்டைக் கூட்டுவார். மோட்டார் கொதிக்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

‘படிப் பிசகு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ‘இம்மி பிசகாமல்’ என்று தினமும் சொல்கிறோம். கூடினாலும் பிசகுதான், குறைந்தாலும் பிசகுதான். வினையாகவும் எளிதாக வரும்: படி பிசகியது, படி பிசகாமல் ஓடியது. ‘படி இழப்பு ஏற்பட்டுள்ளது’ என்று அரசாணை நடையில் எழுதும் தொல்லை இல்லை.

> சேர்த்து எழுதினால் ‘படிப்பு’ என்று கண் போகிறதே.

போகத்தான் செய்கிறது. அதனால் இடம் விட்டே எழுதுவோம். பெயராக வரும்போது ‘படிப் பிசகு’ என்று ஒற்று மிகும். ‘படி பிசகியது’ என்பதில் படி எழுவாய், அங்கே மிகாது. தேடுபொறிக்காக இரண்டு வடிவத்தையும் பதிவில் போட்டுவிட்டால் போதும்.

> ஒரே கோளாறுக்கு எதற்கு இரண்டு மூன்று சொல்?

இங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை. இது ஒரே கோளாறு அல்ல. பட்டறையில் எல்லாவற்றுக்கும் ‘ஸ்டெப் விடுது’ என்றுதான் சொல்கிறோம், அதனால்தான் கண்டுபிடிக்கவும் நேரமாகிறது.

நாம் சாதாரணமாக வாங்கும் 1.8 டிகிரி மோட்டாரின் ரோட்டரில் 50 பற்கள். ஒரு சுற்றுக்கு 200 முழுப்படி, அதாவது ஒரு பல்லுக்கு நான்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது சுமை தாங்காமல் ரோட்டர் காந்தப் புலத்தின் பிடியை விட்டால், மறுபடி அது பிடித்துக்கொள்வது அடுத்த பல்லிலோ அதற்கும் அடுத்ததிலோதான். ஆகவே பிசகு நான்கு முழுப்படியின் மடங்காகவே வரும். 5 மி.மீ. லீட் உள்ள (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும்) பால் ஸ்க்ரூவை நேரடியாகச் சுழற்றினால் இது சரியாக 0.1 மி.மீ.; 8 மி.மீ. லீட் உள்ள ஸ்க்ரூவில் 0.16; 20 பல் ஜிடி2 புல்லி (பல்லுக்குப் பல் 2 மி.மீ.) போட்ட பெல்ட்டில் 0.8. சைக்கிள் செயின் பல் தாண்டுவது போலத்தான், பாதிப் பல்லில் நிற்காது. இதற்கு ‘பல் தாண்டல்’ என்ற பெயர் வேண்டும் என்கிறேன். பெயரைக் கேட்டதுமே டயல் கேஜை (சிறு விலகலை முள்ளால் காட்டும் அளவி) வைத்து 0.1, 0.2, 0.3 என்று விலகுகிறதா பார்க்கத் தோன்றும். அப்படி விலகினால் முடுக்கத்தையும் வேகத்தையும் குறைத்துப் பார்க்க வேண்டும், சப்ளை வோல்ட்டேஜ் போதுமா என்று பார்க்க வேண்டும். வேகம் ஏற ஏற, சுருளின் இண்டக்டன்ஸை மீறிக் கரண்ட் ஏறுவதற்கு நேரம் கிடைக்காமல் முறுக்குவிசை இறங்கிவிடும். 24 வோல்ட்டில் திணறுகிற மோட்டார் 48 வோல்ட்டில் அதே வேகத்தைத் தாங்கலாம், டிரைவர் அந்த வோல்ட்டேஜை ஏற்றுக்கொண்டால்.

விலகல் 0.03, 0.07 என்று ஊர்ந்து கூடினால் கதை வேறு. மோட்டார் சொன்னதைச் செய்கிறது. சொன்னதே அதற்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் திசை சிக்னலின் நேரம்தான் காரணம். டிஎம்542 வகை டிரைவர்களில் திசை மாறி 5 மைக்ரோநொடியாவது கழித்துத்தான் துடிப்பு வர வேண்டும். முந்திக்கொண்டால் முதல் துடிப்பைப் பழைய திசையில் எண்ணிவிடும், இரண்டு நுண்படி (முழுப்படியை டிரைவர் பிரித்துத் தரும் சிறு கூறு) தப்பு. டிரைவரின் நுழைவில் சிக்னலை ஒளியாகக் கடத்தும் ஆப்டோகப்ளர் அணைய எடுக்கும் நேரமும் எரிய எடுக்கும் நேரமும் ஒன்றல்ல என்பதால் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் இது நடக்கும், மறுபக்கம் நடக்காது. அதனால்தான் ஈடாகாமல் சேர்ந்துகொண்டே போகிறது. 3200 நுண்படிக்கு 5 மி.மீ. என்றால் ஒரு போய்வரலுக்கு 0.003 மி.மீ., கேஜில் தெரியவே தெரியாது. ஒரு பாக்கெட்டை (பள்ளத்தை) வெட்ட 300 தடவை போய்வந்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். இதற்கு மின்னோட்டத்தைக் கூட்டி என்ன பயன்? எந்திரத்தை ஓட்டும் மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி என்றால் டிர்செட்டப் (திசை மாறியபின் துடிப்புக்கு முன் காத்திருக்கும் நேரம்) மதிப்பைக் கூட்ட வேண்டும், ஜிஆர்பிஎல் என்றால் $2 அமைப்பில் துடிப்பின் எந்த விளிம்பு எடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். இதை நான் ‘துடிப்புப் பிசகு’ என்பேன். ‘துடிப்புத் தவறல்’ என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். இரைச்சலால் துடிப்பு கூடுகிற நிலைமைக்கு அது பொருந்தாது.

> கப்ளிங் (மோட்டார் ஷாஃப்ட்டை ஸ்க்ரூவோடு இணைப்பது) வழுக்குவதையும் இதில் சேர்க்கலாமா?

வேண்டாம். கிரப் ஸ்க்ரூ தளர்ந்து ஷாஃப்ட் வழுக்கினால் மோட்டாரில் எந்தப் படியும் பிசகவில்லை. அறிகுறி ஒன்றாக இருப்பதால் பதிவின் விளக்கத்தில் ஒரு வரி எழுதலாம்: ஷாஃப்ட்டுக்கும் கப்ளிங்குக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, வேலை முடிந்ததும் கோடு ஒடிந்திருக்கிறதா பாருங்கள் என்று. பேக்லாஷும் (ஸ்க்ரூ, நட்டு போன்றவற்றுக்கு இடையே உள்ள தளர்வு) அப்படியே, திசை மாறும்போது விட்ட இடைவெளி திரும்பும்போது ஈடாகிவிடும், சேர்ந்து வளராது. அதற்குத் தனி விவாத இழை ஓடுகிறது, அங்கே பார்த்துக்கொள்வோம்.

ஆக, தலைச்சொல் படிப் பிசகு. அதன் கீழ் பல் தாண்டல், துடிப்புப் பிசகு. நுண்படியை யாரும் மறுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். டிரைவருக்கு ‘இயக்கி’ போடலாம் என்று சிலர் சொன்னீர்கள். மென்பொருள் பக்கம் அதே சொல் ஏற்கெனவே ஓடுகிறது, லினக்ஸ்சிஎன்சி வழிகாட்டியில் இரண்டும் ஒரே பத்தியில் வருமே, அதை என்ன செய்வது? ‘மோட்டார் இயக்கி’ என்று நீட்டுவதைத் தவிர வேறு வழி தெரிந்தால் எழுதுங்கள்.