பட்டா நம்ம பேர்ல, எண்ணெய் யார் பேர்ல?

மன்னை சேரன்:
யூடியூப்ல ஒரு பேட்டி பார்த்ததுலேர்ந்து வயிறு எரியுது. ஓய்வுபெற்ற அதிகாரியாம். "பட்டாதாரருக்கு மேல்மண் மட்டும்தான் சொந்தம், கீழ இருக்கற எண்ணெய், எரிவாயு எல்லாம் அரசாங்கச் சொத்து, இதுல விவசாயி பேச என்ன இருக்கு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார்.

எந்தச் சட்டத்துல இருக்கு இது? அரசியல் சாசனம் 297 கடலுக்கு அடியில இருக்கறதைத்தான் ஒன்றிய அரசுக்குக் கொடுக்குது. கரையைப் பத்தி அதுல பேச்சே இல்ல. 1948 எண்ணெய் வயல் சட்டம் தோண்டறதை ஒழுங்குபடுத்தற சட்டம். லைசென்ஸ் இல்லாம ஓட்டக்கூடாதுன்னா வண்டி ஆர்டிஓவுக்குச் சொந்தம்னு அர்த்தமா? 2013ல மலபார் ஜென்ம நில (பரம்பரை முழு உரிமை நில) வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. கனிமம் மொத்தமும் அரசுக்குன்னு சொல்ற சட்டம் எதுவும் இல்ல, சட்டப்படி பறிக்கப்படாத வரைக்கும் நிலம் யாருதோ அடியில இருக்கறதும் அவங்களுதுதான்னு. அரசுக்குச் சொந்தம்னு சொல்றவங்க சட்டத்துல ஒரே ஒரு வரி காட்டுங்க.

ரிக் ரங்கன்:
தம்பி, நரிமணத்துல எண்ணெய் வந்தப்போ நீங்க பொறந்திருப்பீங்களான்னே தெரியல. காவிரிப் படுகையில 1960கள்லேர்ந்து கிணறு தோண்டறாங்க. குத்தாலத்துலயும் திருமாக்கோட்டையிலயும் மின்வாரியம் கரண்ட் எடுக்கறது இந்த கேஸ்லதான். உங்க வீட்டு ஃபேனும் அதுல ஓடியிருக்கும். மத்திய பட்டியல் 53வது இனத்தைப் படிங்க. எண்ணெய் வயல் மத்திய அரசு விஷயம். முடிஞ்சுது.

மன்னை சேரன்:
53வது இனம் சட்டம் போடற அதிகாரம். ரயிலும் மத்திய பட்டியல்லதான் இருக்கு, அதுக்காக தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடெல்லாம் ரயில்வேக்கா போயிடுச்சு? நான் கேட்டது சொந்தம்னு சொல்ற வரி. தம்பின்னும் கூப்பிடாதீங்க, எனக்கும் பேரப்பிள்ளை இருக்கு.

வக்கீல் அன்பு:
ரெண்டு பேரும் 1959 பெட்ரோலியம், இயற்கை எரிவாயு விதிகளைப் பார்க்கல. அதுல 5வது விதிப்படி கரையில குத்தகை கொடுத்தது மாநில அரசு, மத்திய அரசோட முன் ஒப்புதலோட. எடுக்கற எண்ணெய்க்குக் கொடுக்கற பங்குத்தொகை, அதான் ராயல்டி, அதுவும் மாநிலத்துக்குத்தான் வருது. 2024 ஜூலையில உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒண்ணுன்னு, ராயல்டிங்கறது அரசு போடற வரி இல்ல, கனிம உரிமைக்காகக் குத்தகைதாரர் உரிமையாளருக்குக் கொடுக்கற தொகைன்னு சொல்லிடுச்சு. வாங்கறது மாநிலம். அப்போ உரிமையாளர் யாரு சார்?

மன்னை சேரன்:
நல்லா வந்தீங்க வக்கீல். அது 1957 சுரங்கச் சட்டத்துக் கனிமங்களைப் பத்தின வழக்கு. எண்ணெய் வழக்கே இல்ல. அதுவும் போக, நீங்க சொல்ற 5வது விதியில "மாநில அரசுக்கு உரித்தான நிலம்"னுதானே இருந்துச்சு? எங்க நிலம் தாத்தா காலத்துலேர்ந்து பட்டா நிலம். அது எப்போ அரசுக்கு உரித்தாச்சு? வரி காட்டுங்க.

ரிக் ரங்கன்:
மலபார் வழக்கு மட்டும் எண்ணெய் வழக்கா? உங்களுக்குச் சாதகம்னா எந்த வழக்கும் பொருந்தும், எங்களுக்குன்னா பொருந்தாது.

ஹூஸ்டன் முத்து:
இங்க டெக்ஸஸ்ல மினரல் ரைட்ஸ், அதாவது நிலத்தடிக் கனிம உரிமை, தனிச் சொத்து. நிலத்துலேர்ந்து பிரிச்சு விக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். 2008ல லாசால் கவுண்டியில ஈகிள் ஃபோர்ட் ஷேல்ங்கற பாறைப் படிவத்துல முதல் கிணறு பலன் கொடுத்ததும், கம்பெனிக்காகக் குத்தகை பேசற லேண்ட்மேன்கள் வீடு வீடா வந்தாங்க. கையெழுத்துப் போட ஏக்கருக்கு இவ்வளவுன்னு போனஸ், அப்புறம் எண்ணெய் வர்ற வரைக்கும் ராயல்டி. பழைய கணக்கு எட்டுல ஒரு பங்கு, இப்போ நாலுல ஒண்ணு கேக்கறவங்களும் உண்டு. டெல்டா விவசாயிக்கு அந்த உரிமையைக் கொடுத்துப் பாருங்க, போராட்டப் பந்தலே இருக்காது.

வடகாடு செல்வி:
அண்ணே, யாரு உங்ககிட்ட பங்கு கேட்டா? எங்க பக்கம் சோதனைக் கிணறு போட்டவங்க எண்ணெய்க் கழிவைத் தொட்டியிலயே விட்டுட்டுப் போனாங்க. வருஷக்கணக்கா கறுப்பா நின்னுச்சு. மேல ஏடு கட்டியிருக்கும், ஓரத்துல புல்லு முளைக்காது, ஆட்டை அந்தப் பக்கம் விட மாட்டோம். 2017 பிப்ரவரியில பக்கத்து ஊரு நெடுவாசல் பேரு எண்ணெய் எடுக்கற இடங்கள் பட்டியல்ல வந்ததும் பொம்பளைங்க முதல்ல போராட்டத்துல வந்து உக்காந்தது அதைப் பார்த்த கண்ணோடதான். பங்கு கொடுத்தா எழுந்து போயிருப்போம்னு நினைக்கறீங்களா?

ரிக் ரங்கன்:
நெடுவாசல் 2016 ஏலத்துல வந்த சின்ன வயல், ஏற்கெனவே கண்டுபிடிச்சது. அது மீத்தேன் திட்டம் இல்ல. மன்னார்குடியில நிலக்கரிப் படுகையிலேர்ந்து எடுக்க இருந்த மீத்தேன் வேற, ஷேல் பாறையிலேர்ந்து எடுக்கறது வேற. மூணையும் ஒரே பேனர்ல எழுதிக் கத்தினா யாரு என்ன விளக்கறது?

வடகாடு செல்வி:
பேரு எதுவா இருந்தாலும் ஓட்டை எங்க கொல்லையிலதான் சார் போடறீங்க. 2016 மார்ச்ல வந்த மத்திய அரசுக் கொள்கையில எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ்னு மாத்தினது நாங்களா?

தஞ்சை மைந்தன்:
இவ்வளவு பேசறீங்களே, மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு மாநில அரசு சார்பில 2011 ஜனவரியில கையெழுத்துப் போட்ட ஆட்சி எதுன்னு யாராவது சொன்னீங்களா? 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது யாருன்னும் சொல்லுங்க.

மன்னை சேரன்:
மைந்தன், அந்தச் சட்டத்தைப் படிச்சுட்டு வாங்க. நடந்துக்கிட்டிருக்கற திட்டங்களைப் பாதிக்காதுன்னு அதுலயே எழுதி வச்சிருக்கு. திருச்சி, கரூர், அரியலூர் உள்ளேயே இல்ல. கட்சிச் சண்டையைத் தேர்தல்ல வச்சுக்குங்க.

தஞ்சை மைந்தன்:
பதில் இல்லன்னா கட்சிச் சண்டையாக்கும். சரி.

ஹூஸ்டன் முத்து:
செல்விம்மா, நான் சொன்னதைப் பாதிதான் படிச்சிருக்கீங்க. உரிமை உங்ககிட்ட இருந்தா முடியாதுன்னு சொல்ற அதிகாரமும் உங்ககிட்ட இருக்கும்.

மன்னை சேரன்:
முத்து, அங்கயும் முழுக் கதையைச் சொல்லுங்க. தாத்தா காலத்துல மினரலை வித்துட்டு மேல் நிலம் மட்டும் வச்சிருக்கறவன் நிலைமை என்ன? டெக்ஸஸ் சட்டத்துல மினரல் உரிமைதான் மேலானது. கீழ் உரிமைக்காரன் லாரி விடுவான், ரோடு போடுவான், கிணறு தோண்டற ரிக்கை நிறுத்துவான். மேல இருக்கறவன் தடுக்க முடியாது. அதைச் சொல்லாம ஹூஸ்டன்லேர்ந்து எங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க.

ஹூஸ்டன் முத்து:
எங்க அப்பா இன்னும் கூத்தாநல்லூர்ல நடவு நடறார். ஊரை விட்டு வந்தவனுக்கு வாயைத் திறக்க உரிமை இல்லன்னா நேராவே சொல்லிடுங்க.

வக்கீல் அன்பு:
சேரன் சார், நீங்க கேக்கற வரி கிடைச்சாலும் கிடைக்காட்டியும் களத்துல அடி விழற இடம் வேற. 2020 ஜனவரியில சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய் ஆய்வுக் கிணறுகளைக் கெடுபிடி குறைஞ்ச பி2 பிரிவுக்கு மாத்திட்டாங்க. பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்ல. ராமநாதபுரத்துல 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025ல அனுமதி கொடுத்த விஷயமே பின்னாலதான் வெளிய வந்துச்சு. மாநில அரசு வாபஸ் வாங்கச் சொன்னது அதுக்கப்புறம். குழாய் விஷயமும் அப்படித்தான். 1962 குழாய்ச் சட்டத்துல உங்க நிலத்தை எடுக்க மாட்டாங்க, பயன்பாட்டு உரிமை மட்டும் எடுப்பாங்க. பட்டா உங்க பேர்லயே இருக்கும். ஆனா குழாய் போற அந்த நிலப் பட்டையில வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதுக்கு இழப்பீடு சந்தை மதிப்புல பத்து சதவீதம்.

வடகாடு செல்வி:
தென்னை வைக்க முடியாத இடத்துக்குப் பத்து சதவீதமா? இதைத்தான் பேசணும்.

மன்னை சேரன்:
பேசலாம். முதல்ல எண்ணெய் யாருதுன்னு முடியட்டும். விவசாயிகிட்ட அரசு நேரடியா நில வரி வாங்கற ரயத்துவாரி செட்டில்மென்ட் வந்ததால மட்டும் நிலத்தடி உரிமை போயிடாதுன்னு அதே 2013 தீர்ப்புல இருக்கு. உரிமை நம்மளுதுன்னா கருத்துக் கேட்பும் வரும், இழப்பீடும் மாறும். அதனாலதான் வரி கேக்கறேன்.

ரிக் ரங்கன்:
எண்ணெய் உங்க வயல் வரப்பைப் பார்த்துக்கிட்டா தேங்கி நிக்குது? ஒரு தேக்கம் பத்து ஊருக்கு அடியில கிடக்கும். உங்க நாலு மா நிலத்துக்குக் கீழ எத்தனை லிட்டர்னு யாரு அளக்கறது? கிணறு இறக்கினவனுக்குத்தான் அது தெரியும். நீங்க தீர்ப்பை வச்சுக்கிட்டு உருள்றீங்க.

மன்னை சேரன்:
அளக்க முடியலன்னா அரசுக்குன்னு ஆயிடுமா? வரி எங்க ரங்கன் சார்?

வடகாடு செல்வி:
வக்கீல் சார், அந்தப் பத்து சதவீதத்தை எதிர்த்து எங்க மனு போடணும்னு சொல்லுங்க. இவங்க சண்டை ஓடட்டும்.

ரிக் ரங்கன்:
தென்னைக்கு மட்டும் மனு, கேஸ் அடுப்பு மட்டும் வேணும். நல்லா இருக்கு.

வடகாடு செல்வி:
என் வீட்டு அடுப்புல என்ன எரியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வந்து பார்த்தீங்களா? முந்திரி விறகு சார்.

மன்னை சேரன்:
அடுப்புப் பக்கம் திருப்பாதீங்க ரங்கன் சார். கேட்ட வரி இன்னும் வரல.