7,000 பேர் வாழும் ஊருக்கு 1,00,000 பேர் வந்தால்: சூரிய கிரகணத்துக்குச் சிற்றூர்கள் எப்படி ஆயத்தமாகின்றன?

கீழ்வானம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை கடந்து சென்ற முழுச் சூரிய கிரகணத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஓரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்றே ஒரு சிற்றூர் இருப்பது தெரியவந்தது. 7,000 பேர்கூட வசிக்காத அந்த ஊருக்கு 1,00,000 பேர்வரை வரக்கூடும் என்று எதிர்பார்த்தார்களாம். நம் ஊர்களில் தேர்த் திருவிழாவுக்கு இதைவிடப் பெருங்கூட்டம் கூடுவது உண்டு. ஆனால் அதை ஆண்டுதோறும் நடத்திப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். தலைமுறைக்கு ஒருமுறைகூட வராத, வந்தாலும் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிற ஒன்றுக்கு, முன்னனுபவமே இல்லாத ஒரு சிறிய நிர்வாகம் எதிலிருந்து தொடங்கும்? எத்தனை பேர் வருவார்கள் என்பதே உறுதியாகத் தெரியாதபோது எத்தனை கழிப்பறைகள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பெட்ரோல் என்று எப்படி முடிவு செய்வார்கள்? நேரில் கண்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மேட்டுநிலத்தான் (பதில்):

அந்தக் கிரகணத்தை மெட்ராஸ் அருகே ஒரு வயலில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கூட்டம் ஏன் அங்கே போனது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் வசிக்கும் போர்ட்லாந்து நகரில் சூரியன் 99 விழுக்காடு மறைந்தது. மீதி ஒரு விழுக்காடுதானே என்று வீட்டு வாசலிலேயே நின்றுவிட முடியாது. அந்த ஒரு விழுக்காடு எஞ்சியிருக்கும்வரை வானம் இருளாது, சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டமும் தெரியாது. ஆகவே பெருநகரவாசிகள் கூட்டங்கூட்டமாக சூரியன் முழுவதும் மறைந்து தெரியும் குறுகிய நிலப்பட்டையான முழுமறைப்புப் பாதையை நோக்கிப் புறப்பட்டார்கள். கடற்கரையில் மேகம் மூடிவிடுமோ என்ற அச்சம் இருந்தது. காஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே, மழை மறைவில் இருக்கும் வறண்ட மேட்டுநிலத்தில் ஆகஸ்ட் மாதத்தில் மேகத்தைப் பார்ப்பதே அரிது. எங்கே வானம் தெளிவாக இருக்கும் என்று கணக்கிட்டவர்கள் எல்லாரும் மெட்ராஸில் வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம்.

ஊரில் இருந்த விடுதி அறைகள் மிக முன்கூட்டியே நிறைந்துவிட்டதால், அறுவடை முடிந்த வயல்களும் வெற்றுத் திடல்களும் கூடாரம் அடிக்கும் இடங்களாயின. அவற்றுக்குத் தண்ணீர் லாரி, தற்காலிகக் கழிப்பறை, குப்பை வண்டி ஆகியவற்றை வெளியூர்களிலிருந்து வரவழைத்தார்கள். கைப்பேசி நிறுவனங்கள் வண்டியில் ஏற்றிய தற்காலிகக் கோபுரங்களைக் கொண்டுவந்து நிறுத்தின. உள்ளூர் மக்களோ மளிகை, மருந்து, பெட்ரோல் ஆகியவற்றைக் கூட்டம் வருமுன்னரே வாங்கி வைத்துக்கொள்ளுமாறும், அந்த நாள்களில் தேவையின்றி வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். என் பார்வையில் மிகுந்த பயன் தந்ததும் செலவே இல்லாததும் இந்த வேண்டுகோள்தான்.

வெளியில் இருப்பவர்கள் எளிதில் எண்ணிப் பார்க்காத இடர் தீ. ஆகஸ்ட் அங்கே காட்டுத்தீக் காலம். அந்த வாரத்தில் சிஸ்டர்ஸ் என்ற ஊருக்கு அருகே பற்றிய தீயால் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். காய்ந்த புல்லின் மீது சூடான புகைக்குழாயோடு ஒரு காரை நிறுத்தினாலே தீப்பிடிக்கும் என்பதால், வண்டி நிறுத்துமிடங்களில் புல்லை ஒட்ட வெட்ட வேண்டியிருந்தது. மாநிலத் தேசியக் காவல் படையினரும் உதவிக்கு நிறுத்தப்பட்டார்கள்.

இவ்வளவு செய்தும் சமாளிக்க முடியாமல் போனது திரும்பிச் செல்லும் போக்குவரத்து. வருகிறவர்கள் மூன்று நான்கு நாள்களில் பிரிந்து பிரிந்து வருகிறார்கள். போகிறவர்கள் அனைவரும் ஒரே மணி நேரத்தில் புறப்படுகிறார்கள். காலை 10.21 மணியளவில் முழுமறைப்பு முடிந்ததும் வயல்களிலிருந்து கார்கள் வரிசையாக வெளியேறத் தொடங்கின; 26, 97 என்ற இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் அந்தச் சிற்றூரின் வழியாகத்தான் ஏறத்தாழ எல்லாரும் போக வேண்டியிருந்தது. வழக்கமாக இரண்டரை மணி நேரத்தில் முடியும் பயணம் எங்களுக்கு இருட்டிய பிறகும் முடியவில்லை.

கூட்டம் வரும்போதே திணறிய ஊரும் உண்டு. பக்கத்து ஊரான பிரைன்வில்லுக்கு அப்பால், காட்டு நடுவே உள்ள புல்வெளியில் கிரகணத்தை ஒட்டி நடந்த ஓர் இசை விழாவுக்கு ஏறத்தாழ 30,000 பேர் போனதால், சில நாள்களுக்கு முன்பே சாலை நெடுந்தூரம் அடைத்துக்கொண்டது. அவ்வூர் பெட்ரோல் பங்குகள் சிலவற்றில் இருப்பும் தீர்ந்துபோனது.

மேலைக்கரை (பதில்):

மேட்டுநிலத்தான் சொல்வது பல சாலைகள் உள்ள நாட்டின் கதை. ஒரே ஒரு சாலை உள்ள ஊரைப் பற்றி நான் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரேலிய நிலப்பரப்பின் முழுமறைப்புப் பாதையில் இருந்தது, மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் தீபகற்பம் மட்டுமே. பெர்த் நகரிலிருந்து அது ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் 3,000 பேருக்கும் குறைவு, எதிர்பார்க்கப்பட்டவர்களோ 20,000 பேர், முழுமறைப்பின் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம்.

அங்கே நிர்வாகம் எடுத்த நிலைப்பாடு தெளிவானது: தங்குமிடம் பதிவு செய்யாதவர்கள் புறப்படவே வேண்டாம். அடுத்த ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது, இடமில்லை என்று யாரையும் வாசலில் நின்று திருப்பி அனுப்ப முடியாது என்பதால் இந்தக் கண்டிப்பு பொருத்தமானதே. தற்காலிகத் தங்கும் திடல்களுக்கும் தொலைத்தொடர்புக்கும் கழிவகற்றலுக்கும் மாநில அரசே பொறுப்பேற்று, பல மாதங்கள் முன்பே பணத்தை ஒதுக்கியது. 3,000 பேரின் வரிப்பணத்தில் இயங்கும் ஓர் உள்ளூராட்சியால் இதைத் தனியாகச் செய்திருக்கவே முடியாது. எனவே, எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் விடை, மாநிலத் தலைநகரத்தின் கதவைத் தட்டுவதிலிருந்து என்பதுதான்.

பனிச்சாலை (பதில்):

திரும்பும் நெரிசலைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. 2024 ஏப்ரல் 8 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மாண்ட் மாநிலத்திலும் அதுவே நடந்தது. பாதையின் தென்பகுதியில் பல இடங்களில் மேகம் சூழ்ந்திருக்க, வடகிழக்கில் வானம் தெளிந்திருந்ததால் பாஸ்டன் பக்கத்திலிருந்து பெருங்கூட்டம் வடக்கே சென்றது. முழுமறைப்பு பிற்பகல் மூன்றரை மணியளவில் நிகழ்ந்தது. எனவே எல்லாரும் மாலையில் ஒருசேரத் தெற்கே திரும்பினோம். நியூ ஹாம்ஷயரில் உள்ள ஃபிராங்கோனியா கணவாயில் 93ஆம் எண் விரைவுச்சாலை ஒவ்வொரு திசைக்கும் ஒரே வழித்தடமாகக் குறுகிவிடும். புனலின் கழுத்தைப் போன்ற அந்த இடத்தில் நள்ளிரவைத் தாண்டியும் கார்கள் நகர்ந்துகொண்டிருந்தன. எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் அந்தக் கணவாய் அகலப் போவதில்லை.

வெர்மாண்ட் சாலைகளில் பாதிக்கு மேல் மண் சாலைகள். ஏப்ரலில் பனி உருகும்போது அவை சேறாகிவிடும். கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழிகளை நம்பி அவற்றில் நுழைய வேண்டாம் என்று அதிகாரிகள் முன்கூட்டியே எச்சரித்தது, உள்ளூரை அறிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஆயத்தம்.

நெரிசலை வெறும் தொல்லையாகக் கருதக் கூடாது என்பதற்கு ஒரு சான்றும் உண்டு. 2017 கிரகணத்தை ஒட்டிய மூன்று நாள்களில் அமெரிக்கச் சாலைகளில் உயிர்ப்பலி வாங்கிய விபத்துகளின் ஆபத்து 31 விழுக்காடு உயர்ந்திருந்ததாகக் கனடாவைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2024இல் எழுதியிருக்கிறார்கள். எனவே கிரகணம் முடிந்த பிறகும் மக்களை இரண்டு மூன்று மணி நேரமாவது ஊரிலேயே தங்கச் செய்வதுதான் மிகப் பெரிய ஆயத்தம் என்பேன்: சாப்பாடு, இசை, குழந்தைகளுக்கான வானியல் நிகழ்ச்சி, எதுவானாலும் சரி. ஊர்க் கடைகளுக்கும் அதில்தான் வருமானம்.

கணக்குப்பிள்ளை (பதில்):

மூவரும் கூட்டம் வந்த ஊர்களையே பேசுகிறீர்கள். வராத ஊர்களையும் பேச வேண்டும். 2017இல் ஓரிகன் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை; நெரிசலைப் பற்றிய எச்சரிக்கைகளே பலரை வீட்டில் இருத்திவிட்டன என்று நினைக்கிறேன். சரக்கை வாங்கிக் குவித்த சிறு வணிகர்களுக்கு அந்த இழப்பை யாரும் ஈடு செய்வதில்லை. வானிலை அறிக்கை கடைசி மூன்று நாள்களில் மாறினால் கூட்டமும் மாறிவிடும். ஆனால் கழிப்பறையை ஓராண்டுக்கு முன்பே ஒப்பந்தம் செய்ய வேண்டும். கீழ்வானம் கேட்ட கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தனியொரு மதிப்பீட்டை நம்புவதைவிட, குறைந்த அளவு, நடுத்தர அளவு, மிகுதியான அளவு என்று மூன்று கணக்குகளை வைத்துக்கொண்டு, கழிப்பறை, தண்ணீர், ஆம்புலன்ஸ் ஆகியவற்றை மிகுதிக்கும், விற்பனைச் சரக்கைக் குறைவுக்கும் ஏற்பாடு செய்வதே அறிவுடைமை.

கீழ்வானம்:

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. 2024இல் டெக்சாஸில் சில கவுண்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பகுதிகள்) கிரகணம் வருமுன்னரே பேரிடர் நிலையை அறிவித்ததாகப் படித்தேன். வானத்தில் நிகழும் ஓர் அழகான காட்சிக்கு அப்படி ஓர் அறிவிப்பு எதற்கு?

கணக்குப்பிள்ளை:

அது அச்சத்தால் செய்த அறிவிப்பு அன்று, சட்டத் தேவைக்காகச் செய்தது. கெர், பெல், டிராவிஸ் முதலிய கவுண்டிகள் அவ்வாறு அறிவித்தன. அப்படி அறிவித்தால்தான் மாநிலத்தின் உதவியை விரைவாகக் கோரவும், அண்டைப் பகுதிகளின் ஆள்பலத்தை ஒருங்கிணைக்கவும், பொதுக்கூட்டங்களுக்குத் தற்காலிகக் கட்டுப்பாடு விதிக்கவும் வழி கிடைக்கும். பெல் கவுண்டியில் 50 பேருக்கு மேல் கூட்டும் நிலவுடைமையாளர்கள் முன்பதிவு செய்யுமாறு கேட்கப்பட்டார்கள். யாருடைய பண்ணையில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பது தெரிந்தால்தான் ஆம்புலன்ஸை எந்த வழியாக அனுப்புவது என்று திட்டமிட முடியும். இண்டியானா ஆளுநரும் இதே நோக்கத்தோடு முன்கூட்டியே ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்.