நாய்க்குட்டி கடித்துக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?

செங்காங்வாசி:
வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து 3 வாரம் ஆகிறது, இப்போது அதற்கு 11 வாரம். பெயர் மணி. சிங்கப்பூர் ஸ்பெஷல் என்கிற உள்ளூர்க் கலப்பின வகை, தொழிற்பேட்டைப் பக்கம் தனியாகக் கிடந்த குட்டி. அடோர் என்ற தத்தெடுப்புத் திட்டத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலும் இந்த மாதிரி நாய் வளர்க்கலாம் என்பதால் தத்தெடுத்தோம். பகலெல்லாம் தங்கம். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் ஆளே மாறிவிடுகிறான், கை, கால்விரல், அத்தையின் முந்தானை, எதையும் விடுவதில்லை. 5 வயது மகள் பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் அவனோடு ஓடுவாள், கத்துவாள், அவன் துரத்திப் போய்க் கணுக்காலைக் கவ்வுவான். போன செவ்வாய்க்கிழமை ரத்தமே வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, வெறிநாய் ஊசி போட வேண்டும் என்று அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. மூக்கில் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும் என்று கணவர் சொன்னதால் இரண்டு தடவை தட்டினேன். இப்போது தடவிக்கொடுக்கக் கையை நீட்டினாலும் தலையைத் தாழ்த்திக்கொள்கிறான், நேற்று உறுமவும் செய்தான். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது இயல்பாகவே கடிக்கிற குட்டியா? திருப்பிக் கொடுக்க எனக்கு மனமே இல்லை.

ஈசூன் அண்ணன்:
தங்கச்சி, முதலில் தட்டுவதை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தனியாகக் கிடந்த குட்டி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அதுதான். கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும், தாயும் எழுந்து நகர்ந்துவிடும். இவ்வளவு அழுத்தினால் வலிக்கும், வலித்தால் விளையாட்டு போய்விடும் என்று குட்டி கற்றுக்கொள்வது அப்படித்தான். மணிக்கு அந்தப் பாடம் பாதியிலேயே நின்றிருக்கும், மீதியை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே கடிக்கவே கூடாது என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் வாயை மென்மையாக்குங்கள். லேசாகக் கவ்வினால் விட்டுவிடலாம். அழுத்தினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் அவனுக்கு அது துரத்துகிற விளையாட்டு, இன்னும் ஆழமாகக் கிழிக்கும். கையை அப்படியே தளர்த்தி, சாதாரணக் குரலில் ‘ஆ’ என்று ஒரு தடவை சொல்லி, எழுந்து தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் 20, 30 வினாடி அவனைப் பார்க்காமல் நில்லுங்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு பொம்மை இருக்கட்டும், அதைக் கவ்வினால் வாயாரப் பாராட்டுங்கள். ஒரே மாலையில் பதினைந்து தடவை எழுந்து போக வேண்டியிருக்கும், சலிக்காமல் போங்கள். நாள் செல்லச் செல்ல லேசான கவ்வலுக்கும் இதையே செய்தால் பல் படுவதே குறைந்துவிடும். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்வதுதான் இதில் கஷ்டமான பகுதி. நீங்கள் எழுந்து போக, கணவர் கையால் மல்லுக்கட்டி விளையாடினால் குட்டிக்கு எதுவும் புரியாது.

பீஷான் வாணி:
ஆறரை மணி என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. மணி மதியம் எவ்வளவு நேரம் தூங்குகிறான்? இந்த வயதுக் குட்டிகள் நாளில் 18 மணி நேரத்துக்கு மேல்கூடத் தூங்கும். தூக்கம் போதாத குட்டி படுத்துவிடாது, தூங்க மறுக்கிற சின்னப் பிள்ளை மாதிரி வெறித்தனமாக ஓடும், கடிக்கும். உங்கள் வீட்டில் அந்த நேரத்தில்தான் பிள்ளை வருகிறாள், தொலைக்காட்சி ஓடுகிறது, சமையல் நடக்கிறது, வேலை முடிந்து எல்லாரும் உள்ளே வருகிறார்கள். எங்கள் குட்டியையும் இதே வயதில் அடங்காதவள் என்றே நினைத்திருந்தோம். 5 மணிக்கு மென்றுகொண்டிருக்க ஒரு பொருள் கொடுத்து, கூண்டை அரைவாசி துணியால் மூடி, விசிறியைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் யாரும் எட்டிப்பார்க்காமல் விட்டோம். நாலே நாளில் பாதிக் கடி குறைந்துவிட்டது.

கிளினிக்கில் வேலை செய்பவள்:
கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள், சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. அவர் ஊரில் கண்ட பயம் நியாயமானது, இங்கே பிறந்து வளர்ந்த குட்டியிடம் அந்த அச்சம் வேண்டாம். ஆனாலும் பல் பட்டுத் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். ஆழமாக இருந்தாலோ, சிவந்து வீங்கினாலோ பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது மணிக்கு இருப்பவை 28 பால் பற்கள், ஊசி மாதிரி இருக்கும். இன்னும் சில வாரத்தில் விழ ஆரம்பித்து, 6, 7 மாதத்துக்குள் 42 பற்களும் வந்துவிடும். அதுவரை ஈறு நமநமக்கும். சின்னத் துண்டை நனைத்து முறுக்கி உறையவைத்துக் கொடுங்கள், நூல் பிரிகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வேகவைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பழைய கம்பத்துக்காரன்:
எனக்கு வயது 67. கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், இருந்தபோது நாளிதழைச் சுருட்டி ஒன்று வைத்தோம் என்றால் எந்த நாயும் வாய் வைக்காது. இப்போது நாயைப் பிள்ளை மாதிரி கொஞ்சுவதால்தான் இவ்வளவு பிரச்சினை என்று நினைக்கிறேன்.

ஈசூன் அண்ணன்:
ஐயா, என் அப்பாவும் எங்கள் முதல் நாயை அப்படித்தான் வளர்த்தார். அடிக்குப் பயந்து அது கடிப்பதை நிறுத்தவில்லை, உறுமுவதைத்தான் நிறுத்தியது. ஒரு தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். சோபாவுக்கு அடியில் ஒதுங்கியிருந்த நாயிடம் என் அக்கா மகள் கையை நீட்டினாள், ஒரு சத்தமும் இல்லை, நேரே கடி. நான்கு தையல். உறுமல் என்பது ‘எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ’ என்று நாய் சொல்லும் எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கை போய்விடும், பயம் அப்படியே இருக்கும். கம்பத்தில் நாய் வாசலிலும் தோட்டத்திலும் திரியும், விலக இடம் இருந்தது. நான்கறை வீட்டில் அது எங்கே போகும்?

தங்கச்சி, நேற்று மணி உறுமினான் என்றால் உங்களிடம் இன்னும் பேசுகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையை மேலிருந்து கொண்டுபோகாமல் தாழ்வாக, பக்கவாட்டில் நீட்டி, அதில் உணவுத் துண்டு ஒன்றை வையுங்கள். கை வந்தால் நல்லது வரும் என்று அவனுக்குத் திரும்பத் தெரிய வேண்டும். மகளையும் அவனையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விடாதீர்கள்.

செங்காங்வாசி:
12 நாள் கழித்து எழுதுகிறேன், எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வாணி சொன்ன 5 மணித் தூக்கத்தை அன்றே ஆரம்பித்தோம். மதியம் அவன் தூங்குவதே இல்லை, யாராவது எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. மகளுக்குச் ‘சிலை’ விளையாட்டு சொல்லிக்கொடுத்தேன், மணி காலைப் பார்த்து ஓடி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள், அவன் கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறான். ரத்தம் வரும்படி ஒரு கடியும் இல்லை. என் கையை இன்னும் கவ்வுகிறான், அழுத்தம் பாதிகூட இல்லை. நேற்று இரவு அவனாகவே வந்து என் உள்ளங்கையில் தாடையை வைத்துப் படுத்தான், காலே மரத்துப்போனது, நான் அசையவில்லை.

முந்தானை மட்டும் இன்னும் போகிறது. அத்தைக்கு என்ன சொல்வது?

பீஷான் வாணி:
இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், ஆடுகிற துணியை விடச்சொல்லி இப்போதைக்கு அவனிடம் எதிர்பார்க்க முடியாது. அத்தை கையாலேயே தினமும் இரவு உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள், அவருக்கும் பயம் போகும்.